கடையநல்லூரில் ஒரு வம்சாவளி

பொதிகை விரைவு வண்டி சங்கரன்கோவிலை விட்டுப் புறப்பட்டுப் பாம்புகோவில் சந்தையைக் கடக்கும் அதிகாலை வேளையில், விருதுநகரிலிருந்து கூடவே வந்த கரிசல் காடு மெல்ல மெல்லப் பின்தங்க, வலப்பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நெருங்கி நெருங்கி வந்து, தென்னந்தோப்பும் குளத்துப் பாசன வயலும் கண்ணுக்குப் புலப்படும்போது கடையநல்லூர் வந்துவிட்டதென்று அறியலாம். ஆனி மாதத்துச் சாரல் காற்று ஜன்னல் வழியே முகத்தில் படிந்துகொண்டிருந்தது. என்னுடன் வந்த நண்பர் சிங்கப்பூரிலே பிறந்து அங்கேயே கல்வி பயின்று உத்தியோகம் பார்ப்பவர். தம் பாட்டனார் பிறந்த ஊரை அவர் கண்ணால் காண்பது இதுவே முதல் தடவை. கையில் ஒரு தோல்பை. அதனுள் பாட்டனாரின் பழைய அடையாள அட்டையின் நகல், தம் தந்தையின் பிறப்புப் பத்திரம், கறுத்துப்போன இரண்டு புகைப்படங்கள். இவற்றோடு, எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பி அவர் பெற்ற மரபணுப் பரிசோதனை முடிவு கைப்பேசியில் இருந்தது. தம் கொள்ளுத்தாத்தா குடியிருந்த வீட்டைக் கண்டுபிடித்து, அறுந்துபோன சொந்தத்தைத் திரும்ப முடிந்துகொள்ள வேண்டும் என்பதே அவருடைய பிரயாணத்தின் நோக்கம்.

கடையநல்லூருக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள பந்தம், ஓர் ஊருக்கும் ஒரு பட்டணத்துக்கும் உள்ள சாதாரண பந்தமன்று. இவ்வூர் முஸ்லிம்களிற் பெரும்பாலோர் நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள். வீட்டுக்குள் தறிக்குழியும் தெருவில் நீள விரிந்த பாவுமாக வாழ்ந்தவர்கள். ஆலைத் துணியின் முன்னே கைத்தறி நிற்கமாட்டாமல் தளர்ந்த காலத்தில் அவர்கள் கடல் கடந்தார்கள். பிற ஊர்த் தமிழ் முஸ்லிம்களில் ஆடவர் மட்டும் சென்று பொருளீட்டித் திரும்புவதே வழக்கமாக இருக்க, கடையநல்லூராரும் தென்காசியாரும் பெண்டு பிள்ளைகளோடு குடிபெயர்ந்து தஞ்சோங் பகார் துறைமுகத்தின் அருகே வேரூன்றியது கவனிக்கத்தக்க விசேஷம். ஆடவர் துறைமுகத்தில் உழைத்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. யுத்தத்தின் நாசம் ஓய்ந்த மறு வருஷமே, 1946-இல், அச்சங்கம் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவிற்று. கூலி வேலைக்கு வந்த ஒரு சிற்றூர் ஜனங்கள் அந்நிய மண்ணில் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பள்ளி கட்டினார்கள் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு அவர்கள்பால் பெருமதிப்பு உண்டாகிறது.

குடும்பத்தோடு குடிபெயர்ந்ததனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவு 1872 முதல் நடந்துவருகிறது. ஆகையால் அங்கே பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் எழுத்துச் சாட்சியம் உண்டு. அதே சமயம், ஊரில் திரும்பி வந்து கணக்குச் சொல்ல ஆளில்லாமற் போய், இரண்டு தலைமுறைகளுக்குள் தெருவின் பெயரே மறந்துவிடுகிறது. நண்பருக்குத் தம் பாட்டனாரின் பெயரும், அடையாள அட்டையின்படி அவருடைய தகப்பனாரின் பெயரும் தெரியும். தெரு தெரியாது.

முதல் நாள் நாங்கள் சென்றது ஒரு ஜமாஅத்தின் அலுவலகத்துக்கு. அஸர் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் எங்களை அன்போடு உட்காரவைத்து, சர்க்கரை தூக்கலான தேநீர் வரவழைத்துத் தந்து, நண்பர் ஒப்பித்த பெயர்களைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார்.

“பேர மட்டும் சொன்னா என்ன செய்ய தம்பி? இந்தப் பேர்ல தெருவுக்குப் பத்துப் பேரு உண்டு. தெரு எது, வீட்டுப் பட்டப்பேரு எது, அதச் சொல்லுங்க.”

வம்சாவளி ஆராய்ச்சியின் முதற்பாடம் இதுதான். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் தேசத்தில் சாதி சமய பேதமின்றி நிலவும் மரபு; குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று நம்மிடம் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக நிற்கிறது. ஆகவே ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட பாட்டனும் பேரனும் ஒரே தெருவில் இருப்பது சகஜம். மேனாட்டார் நூல்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகச் சொல்கின்றன. அந்த மார்க்கம் நமக்கு உதவாது. தெரு, வீட்டுப் பட்டப்பெயர், செய்த தொழில், பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு என்னும் ஐந்தையும் உயிரோடிருக்கும் மூத்தோரிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே அலுவலகப் படியேற வேண்டும். இவை இல்லாமல் பதிவேட்டைப் புரட்டுகிறவன் வேறொருவருடைய பாட்டனைத் தன் பாட்டனாக வரித்துக்கொண்டு வீடு திரும்புவான். கேட்கும்போது பெயரையும் வருஷத்தையும் வற்புறுத்திக் கேட்பதைவிட, எந்தப் புயலுக்கு முன், எந்தக் கப்பல், யாருடைய கல்யாணத்துக்குப் பின் என்று நிகழ்ச்சிகளைத் தொட்டுக் கேட்பது பலன் தரும். ‘ராஜுலா’ கப்பலில் போனார் என்று ஒரு பாட்டி சொன்னால், 1926-இல் கட்டப்பட்டு நெடுங்காலம் நாகப்பட்டினத்துக்கும் மலேயாவுக்குமாக ஓடிய அந்தக் கப்பல் ஒரு கால எல்லையை நமக்கு வகுத்துக் கொடுத்துவிடுகிறது.

நண்பர் அன்றிரவே சிங்கப்பூரிலுள்ள தம் பெரிய அத்தையோடு தொலைபேசியில் வெகுநேரம் பேசினார். பட்டப்பெயர் கிடைத்தது.

மறுநாள் பெரியவர் இரும்பு அலமாரியைத் திறந்து, தப்தர் எனப்படும் நிக்காஹ் பதிவேட்டை எடுத்தார். நிக்காஹ் நடந்த தேதி, மணமகன், மணமகள், இருவருடைய தந்தையர், பெண்ணுக்கு வலி என்னும் பொறுப்பாளராக நின்றவர், மஹர்த் தொகை, சாட்சிகள் என்று ஒரு திருமணத்தின் சட்டப்பூர்வமான அம்சங்கள் யாவும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கனத்த காலிகோ அட்டை. ஓரம் கரைந்த தாள். ஒரு கையெழுத்து பல பக்கங்கள் ஓடி, ஓரிடத்தில் சட்டென்று நின்று, வேறொருவரின் கையெழுத்துத் தொடங்குகிறது. எழுதிய லெப்பை காலமாகியிருக்க வேண்டும், அல்லது பணியிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். நண்பரின் பாட்டனார் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்து மணம் முடித்துச் சென்றவர் என்பது அத்தையின் வாக்குமூலம். ஹிஜ்ரி 1377-க்குரிய பக்கங்களில், அதாவது 1957 ஆடியிலிருந்து 1958 ஆனி வரையிலான காலத்தில், அவருடைய பெயர் இருந்தது, பட்டப்பெயரும் பொருந்தியது.

தேதிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இவ்வட்டாரத்துக் குடும்பமொன்றின் காகிதங்களில் நான்கு விதக் காலக்கணக்குகள் புழங்கும். மார்க்கக் காரியங்களில் ஹிஜ்ரி. திருநெல்வேலிச் சீமையின் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு. வருவாய்த்துறைக் கணக்குகளில் பசலி. இவற்றோடு பிரபவ முதலான அறுபது வருஷச் சுற்று. கொல்லம் ஆண்டோடு 825-ஐயும், பசலியோடு 590-ஐயும் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு ஏறக்குறையக் கிடைக்கும். பசலி ஜூலை முதல் தேதியில் பிறக்கும் என்பதால் பசலி 1334 என்பது 1924 ஜூலை தொடங்கி 1925 ஜூன் முடிய. ஹிஜ்ரி சந்திரமான வருஷமாகையால் கூட்டல் கழித்தல் போதாது. அட்டவணை பார்த்தே தீர வேண்டும். அறுபது வருஷப் பெயர் தனித்து நின்றால் அது பாட்டன் காலத்தைக் குறிக்கிறதா பேரன் காலத்தையா என்பது வேறு ஆதாரமின்றி விளங்காது. மூலத்தில் உள்ளதை உள்ளபடியே முதலில் எழுதிக்கொண்டு, மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாகக் குறிப்பதே விவேகம்.

தப்தரில் பாட்டனார் கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷமும் நீடிக்கவில்லை. மணமகனின் தந்தை என்னும் இடத்தில், அடையாள அட்டையில் கண்ட பெயர் இல்லை. வேறு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் கண்ட பெயரோ, சில வரிகள் தள்ளிச் சாட்சிகளின் வரிசையில் நின்றது. நண்பர் வாடிப்போனார். இது வேறு குடும்பம் என்று முடிவுகட்டிப் புத்தகத்தை மூடவும் முற்பட்டார். பெரியவர்தான் தடுத்து, அந்தப் பட்டப்பெயர் வீட்டில் இன்னும் நினைவு மங்காத ஓர் அம்மாள் இருக்கிறார் என்று சொல்லி, தம் பேரனை வழிகாட்ட அனுப்பினார்.

நண்பருக்குப் பாட்டி முறையாகும் அந்த அம்மாள், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தபடி, புகைப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, விரலால் முகத்தைத் தடவி, தாமதமின்றிச் சொன்னார்:

“எங்க இளைய மாமா மகன்லா இது! காயிதத்துல மூத்த மாமா பேருதான் இருக்கும். சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போவ அப்படித்தான் எழுதுனாவ. பெத்தது இளைய மாமா.”

சிங்கப்பூரில் புதிய குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்து, புதிதாக வருவோருக்குக் கதவு பெரும்பாலும் அடைபட்டது. அதற்கு முந்திய அவசரத்தில், அங்கே நிலைபெற்றிருந்த தமையன், தம்பியின் மகனைத் தன் மகனென்று எழுதிக்கொடுத்து அழைத்துக்கொண்டான். எழுதிக்கொடுத்தபடியே மகனாகப் பாவித்து வளர்த்தும் விட்டான். அதில் வஞ்சகம் ஏதும் எனக்குத் தென்படவில்லை. தறி ஓய்ந்த வீட்டில் ஒரு வாலிபனுக்குச் சோறு கிடைக்க வழி தேடிய சகோதர வாஞ்சையே தெரிகிறது. ஆனால் அரசாங்கக் காகிதம் என்றால் அது சத்தியமே என்று நம்பும் ஆராய்ச்சியாளன் இந்த இடத்தில் தடுக்கி விழுவான். ஒரு பத்திரம் யாரிடம் காட்டுவதற்காக எழுதப்பட்டது, அதில் எதை மறைப்பதனால் யாருக்கு நன்மை என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும். துறைமுக அதிகாரியிடம் காட்ட எழுதியது அடையாள அட்டை. ஆண்டவனை முன்னிட்டு, ஊரார் சாட்சியாக எழுதியது தப்தர். தந்தையின் பெயரை மாற்றி நிக்காஹ் எழுத ஊர் சம்மதிக்காது.

அப்படியானால் மரபணு என்ன சொல்லிற்று? இதுதான் இப்பிரயாணத்தில் நான் மிகவும் சிந்தித்த விஷயம். நண்பரின் பரிசோதனை முடிவில், மலேசியாவில் வாழும் ஒருவர், ஒரே கொள்ளுத்தாத்தாவை உடைய இரண்டாம் மட்டத்துச் சகோதரராகக் காட்டப்பட்டிருந்தார். அந்த மனிதர் மூத்தவரின் நேர்ப் பேரனுடைய மகன். அடையாள அட்டையின்படி நண்பருக்கும் மூத்தவரே கொள்ளுத்தாத்தா. காகிதமும் குருதியும் ஒத்துப்பேசிய பிறகு சந்தேகத்துக்கு இடமேது என்றே எவரும் எண்ணுவர்.

பாட்டி சொன்ன பிரகாரம் பார்த்தால் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரல்லர். அந்தக் கொள்ளுத்தாத்தாமார் இருவருக்கும் தந்தையான எள்ளுத்தாத்தாவே ஒருவர். கொள்ளுத்தாத்தா ஒருவரானால் மரபணுவில் பொதுப்பங்கு சராசரியாகச் சுமார் 3 சதவீதம். எள்ளுத்தாத்தா ஒருவரானால் 1 சதவீதத்துக்கும் குறைவு. நண்பருக்கு வந்திருந்ததோ 2 சதவீதத்துக்கு மேல். இந்த உபரி எங்கிருந்து வந்தது? அதையும் பாட்டியே, தாம் எதற்கு விடையளிக்கிறோம் என்று அறியாமலே, விளக்கிவிட்டார். அண்ணனும் தம்பியும் அக்காள் தங்கை இருவரை மணந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஒருங்கே ஒன்றுவிட்ட சகோதரர்; அத்தகையோருக்குப் பொதுப்பங்கு எட்டில் ஒன்றன்று, நான்கில் ஒன்று. மாற்றாந்தாய்ச் சகோதரர்க்கும், பாட்டன் பேரனுக்கும், தாய்மாமன் மருமகனுக்கும் உள்ள அளவு அது. போதாக்குறைக்கு அடுத்த தலைமுறையில் இரு வீட்டாரும் பெண் எடுத்தது பெரியப்பன் சித்தப்பன் மக்களை. சொந்தத்துக்குள் சொந்தம் சேரச் சேர, தூரத்து உறவு கிட்டத்து உறவாக வேஷம் போடுகிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், முறை மாப்பிள்ளைக்கும் முறைப்பெண்ணுக்கும் மணமுடிக்கும் வழக்கம் எங்கிருந்தாலும், இந்த மயக்கம் நேரும். பரிசோதனை நிறுவனம் காட்டும் உறவுப் பெயரை ஒன்றிரண்டு படி தள்ளிவைத்தே படிக்க வேண்டும்.

தந்தை வழியே மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோமைச் சோதித்தாலாவது தீர்ந்துவிடாதா என்று நண்பர் கேட்டார். தீராது. அண்ணனும் தம்பியும் ஒரே தந்தையிடமிருந்து அதைப் பெற்றவர்கள். ஆகையால் பாட்டனார் இருவரில் எவருக்குப் பிறந்திருந்தாலும் அந்தச் சோதனை ஒரே விடையைத்தான் கொடுக்கும். தாய்வழி இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவோ, தாய்மார் இருவரும் உடன்பிறந்தவர்களாதலால் அங்கேயும் பேதம் காட்டாது. காட்டினாலும் அது பாட்டனாரோடு நின்று, அவர் பிள்ளைகளுக்கு இறங்காமல் போயிருக்கும். சோதனைக்குப் பணம் கட்டுமுன் இந்த யோசனையைச் செய்துவிட வேண்டும்: நாம் கேட்க விரும்பும் கேள்விக்கு விடையளிக்கும் சக்தி அந்தச் சோதனைக்கு உண்டா? குடும்பத்தில் மூத்தவர் சம்மதித்தால் அவரை முதலில் சோதிப்பது உத்தமம். அவருக்கும் முன்னோர்க்கும் இடையே தலைமுறை குறைவு. ஆனால் சம்மதம் பூரணமாக இருக்க வேண்டும். மறைந்திருந்த பிறப்பு இரகசியங்களை வெளியாக்கும் வல்லமை அந்தக் குப்பிக்கு உண்டு. தகவலும் நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. அமெரிக்காவின் டுவென்டித்ரீ அண்ட் மீ மரபணுச் சோதனை நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் களவாடப்பட்டதும், 2025 மார்ச்சில் அந்நிறுவனமே திவாலுக்கு விண்ணப்பித்ததும் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கவை.

மரபணு விஞ்ஞானத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் மெய்யான மாட்சி நெடுங்காலக் கணக்கில் விளங்குகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பன், மரபணு அறிஞர் ஸ்பென்சர் வெல்ஸ் முதலியோரின் ஆராய்ச்சியில், உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதரின் மரபணுக் குறி கண்டெடுக்கப்பட்டது. ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தாரும் வெளிநாட்டு அறிஞரும் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தெற்காசியாவில் தாம் பரிசீலித்த 263 சமூகங்களுள் 81, பின்லாந்தினரையும் அஷ்கெனாசி யூதரையும் விடக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று காட்டிற்று. தனக்குள்ளேயே மணந்துகொண்ட நம் சமூகங்களின் கதை அந்த எண்களில் இருக்கிறது. பல்லாயிரம் வருஷத்துச் சேதி சொல்லும் அந்தச் சாட்சியால், அண்ணன் மகனா தம்பி மகனா என்பதை இவ்வூரில் தனித்து நின்று சொல்ல முடியவில்லை.

வாய்மொழியும் தப்தரும் ஒருபுறம், அட்டை மறுபுறம். மூன்றாவதான ஓர் எழுத்துச் சாட்சி வேண்டியிருந்தது. நிலத்தைத் தேடினோம். இஸ்லாமிய வாரிசுரிமையில் பெண்மக்களுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டாதலால், பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் விடுதலைப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் விடாமல் எழுதப்பட்டிருக்கும். பெண்களின் பெயரைப் புறக்கணித்துச் செல்லும் நம் ஆவணங்களிடையே இது பெரிய பாக்கியம். பதிவுத்துறையின் இணையத்தளத்தில் வில்லங்க விவரம் 1975-க்குப் பிற்பட்டதே கிடைப்பதால், அதற்கு முந்தியவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். சொத்தின் எண் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம்; பதிவாளர்கள் சொத்துவாரியாக ஓர் அட்டவணையும் ஆள்வாரியாக ஓர் அட்டவணையும் வைத்திருப்பார்கள். எந்த வருஷத்துக்கும் எந்த வருஷத்துக்கும் இடையே என்பதை மட்டும் நாம் குறுக்கிச் சொல்ல வேண்டும். தறிக்குழி இருந்த வீட்டை விற்றது இளைய மாமா மௌத்தாகி இரண்டொரு வருஷத்தில் என்றும், அது சீனச் சண்டைக்குப் பிற்பாடு என்றும் பாட்டி சொல்லியிருந்தார். ஆகவே 1962-க்கு மேல் ஐந்து வருஷத்துக்கு மனு எழுதினோம்.

எழுத்தர் பொறுமைசாலி. ஆள் அட்டவணையில் பட்டப்பெயரின் துணைகொண்டு விரலால் ஓட்டிக்கொண்டே வந்து, 1964-ஆம் வருஷத்து வரியொன்றில் நிறுத்தினார். நகல் எங்கள் கைக்கு வந்தபோது நண்பர் அதைத் தாமே எழுத்துக்கூட்டி வாசித்தார். இளையவரின் விதவை, அவர் புத்திரிகள் மூவர், அவர்களுடைய புருஷர்களின் பெயர்கள், குடியிருக்கும் தெருக்கள். நான்காவதாக, இளையவரின் குமாரர், தற்சமயம் சிங்கப்பூரில் வசித்துவருபவர் என்று பாட்டனாரின் பெயர். அவருக்காக அதிகாரம் பெற்றுக் கையொப்பமிட்டிருந்தவர், அவரைத் தம் மகனென்று எழுதிக்கொடுத்து அழைத்துச் சென்ற மூத்தவர்.

இனிச் செய்ய வேண்டிய வேலை சிங்கப்பூரில் இருக்கிறது. அங்குள்ள தேசிய நூலகத்தின் மின்வடிவத் ‘தமிழ் முரசு’ இதழ்களில் மரண அறிவிப்புகளைத் தேட வேண்டும்; 1979 முதல் அவ்வூர் ஆவணக்காப்பகத்தில் சேர்க்கப்பட்டுவரும் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தஞ்சோங் பகார்வாசிகளின் குரலைக் கேட்க வேண்டும்; மூத்தவரை அடக்கம் செய்த பிடாடரி மையவாடி 2001 முதல் 2006 வரை தோண்டப்பட்டு எலும்புகள் சுவா சூ காங்குக்கு மாற்றப்பட்டமையால், கல்லறைமேல் நட்ட மீசான் கல்லை நம்பாமல் இடமாற்றப் பதிவைக் கேட்டுப் பெற வேண்டும். மலேசிய உறவினருக்கு எழுத வேண்டிய கடிதத்தை நண்பர் ரயில் நிலையத்துப் பெஞ்சிலேயே தொடங்கிவிட்டார். வம்சாவளித் தாளில் இளையவரின் பெயரைத் தந்தை என்றும், மூத்தவரின் பெயரைப் பக்கத்தில் வளர்த்த தந்தை என்றும் எழுதி, இரண்டுக்கும் கீழே தப்தரின் பக்கத்தையும் பத்திரத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டு, மூன்று புத்திரிகளின் பேரப்பிள்ளைகள் எந்தெந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டுச் சொல்லும்படி பெரியவரின் பேரனிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வண்டியேறினார்.